மெதுவாக மிதித்தால் நெடில்

உட்கார்ந்து படிப்பிக்கத் தெரியாத ஆசிரியை நான். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கென்று ஒரு கதிரை இருந்தது. அதில் என் கைப்பையும் குடையும்தான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. நான் கிடுகுக் கொட்டிலுக்குள் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். ஒரு காது பிள்ளைகளிடம், மற்றக் காது வானத்தில், கண் வாவிப் பக்கம். துறையில் படகு நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்தே எனக்குக் கழுத்து கோணலாகிவிட்டது என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள்.

என் வீடு ஆரையம்பதியில், வாவிக்குக் கிழக்கே. பள்ளிக்கூடம் மேற்கே, படுவான்கரையில். கிழக்குப் பக்கம் ஆமி, மேற்குப் பக்கம் இயக்கம். இடையில் கிடந்த தண்ணீருக்கு இரண்டு பக்கத்தையும் பற்றி ஒரு கவலையும் இல்லை. காலையில் சென்ட்ரியில் வரிசையில் நின்று, பையை விரித்துக் காட்டி, படகேறி அக்கரை போவேன். பின்னேரம் கடைசிப் படகைப் பிடித்து வீடு திரும்ப வேண்டும். அந்தக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று எவருக்கும் தெரியாது. ஆமிக்காரனுக்கு அலுப்பு வரும் நேரம்தான் கடைசிப் படகின் நேரம். ஆகையால் மத்தியானம் தாண்டினாலே என் கால்களுக்கு இருப்புக்கொள்ளாது.

எனக்குக் கிடைத்தது ஆண்டு ஒன்று வகுப்பு. உயிரெழுத்து படிப்பிக்க வேண்டும். பிள்ளைகளும் என்னைப் போலத்தான், ஓரிடத்தில் இருக்க மாட்டார்கள். தூரத்தில் ஹெலிகொப்டரின் சத்தம் ஒரு நுளம்பின் ரீங்காரமளவுக்குக் கேட்டாலே போதும், பாதி வகுப்பு வாங்குப் பலகையின் கீழே போய்விடும். இருத்திவைத்துப் படிப்பிக்க முயன்று தோற்றுப்போய், கடைசியில் அவர்களை நிற்கவைத்தே படிப்பிக்கத் தொடங்கினேன். குறிலுக்கு ஒரு குதி, நெடிலுக்கு ஒரு நீட்டு நடை. "அ" என்றால் நின்ற இடத்தில் குதிக்க வேண்டும். "ஆ" என்றால் காலை எட்டிவைத்து, கால் மண்ணில் படும்வரைக்கும் சத்தத்தை விடாமல் இழுக்க வேண்டும். மண் தரை புழுதியாகக் கிளம்பும். அதிபர் வந்து எட்டிப் பார்த்து, "டீச்சர், இது வகுப்பா, மாட்டுப் பட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாடாக இருந்தாலும் எழுத்துத் தெரிந்த மாடுகளாக வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் இழுக்கப் பழகிவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர.

அவள் வாசலோரம்தான் நிற்பாள். செருப்பைக் காலில் போடாமல், எந்த நேரமும் ஓடத் தயாராகக் கையில் வைத்திருப்பாள். எழுத்து வடிவமெல்லாம் மணலில் அழகாகக் கீறுவாள். வாயைத் திறந்தால்தான் வில்லங்கம். எல்லா நெடிலையும் கடித்து விழுங்கிவிடுவாள். "ஆ" என்று தொடங்கும் முன்னமே வாய் மூடிவிடும். காலும் அப்படித்தான், எட்டிவைக்கப் போய்ப் பாதியில் திரும்பிவிடும்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன புள்ள, வாயைத் திறந்தா இலையான் போயிருமெண்டு பயமா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"சத்தம் போடக்கூடாதெண்டு அப்பா சொன்னவர், டீச்சர். பங்கருக்குள்ள."

"இது பங்கரில்லயே. பள்ளிக்கூடம்தானே."

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால பங்கர் இருக்குத்தானே."

இருந்தது. அந்தப் பதுங்குகுழியை வெட்டும்போது நானும் நின்று மண் சுமந்தவள்தான். அடுத்த எழுத்துக்குப் போய்விட்டேன்.

அவளுடைய தகப்பன் வாவியில் வீச்சுவலை போடுகிறவர். வலது காலில் ஒரு ஷெல் துண்டு தங்கியிருந்ததால் இழுத்து இழுத்துத்தான் நடப்பார். தாய் வெளிநாட்டில், குவைத்தில், வீட்டு வேலைக்கு. மகள் அப்போதுதான் தத்தித் தத்தி இரண்டு சொல் பேசத் தொடங்கியிருந்தாளாம். அந்த வயதில் விட்டுப்போன தாய் இன்னும் திரும்பவில்லை. தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் எழுதத் தெரியாது. ஆகவே தாய் கசற் நாடாவில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விடும் நேரம் தகப்பன் வந்து நின்றார்.

"டீச்சர், ஒள்ளம் நேரம் வீட்ட வந்திட்டுப் போங்களன். மனிசி கசற் அனுப்பியிருக்கா. அதில உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு."

நான் வாவியைப் பார்த்தேன். படகு நின்றது. சரி, ஒரு எட்டுப் போய்விட்டு ஓடி வந்துவிடலாம் என்று போனேன்.

முற்றத்து வேப்ப மரத்தின் கீழே சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். பின்சில்லில் டைனமோ. அதிலிருந்து ஒரு வயர் கவிழ்த்துப் போட்ட உரலுக்குப் போனது. உரலின் மேல், தாய் அனுப்பிய கசற் றேடியோ. படுவான்கரைக்குப் பற்றரி கொண்டுவர ஆமி விடாது. ஒரு பற்றரி பையில் பிடிபட்டால் அன்றைக்கு முழுக்க சென்ட்ரியில் வெயில் காய வேண்டியதுதான். றேடியோவைக் கொண்டுவரலாம், அதற்கு உயிர் கொடுக்கிற பற்றரியைக் கொண்டுவரக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவனுக்கு நல்ல பகிடி தெரியும். சனமும் சும்மாயிருக்கவில்லை. சைக்கிளை மிதித்தே எல்லா வீட்டிலும் பாட்டுக் கேட்டார்கள், செய்தி கேட்டார்கள்.

தகப்பன் ஏறி உட்கார்ந்து, நல்ல காலால் அழுத்தி, நொந்த காலால் தொட்டு, மெல்ல மிதிக்கத் தொடங்கினார். கசற் சுழன்றது. தாயின் குரல் வந்தது. கனத்து, ஆழத்தில் இருந்து, ஒவ்வொரு சொல்லாக இழுபட்டு வந்தது.

"ம...க...ள்... சாப்...பிட்...டி...யா... ம...கள்..."

பிள்ளை றேடியோவின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் கால் தரியாத பிள்ளை. இங்கே அசையாமல் இருந்தாள். தகப்பனுக்குக் கால் சோரும்போது குரல் இன்னும் இழுபட்டது. உடனே அவள் திரும்பி, "அப்பா, மிதிங்க. அம்மாவுக்கு நித்திரை வருது!" என்றாள்.

குரல் தொடர்ந்தது. மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று தாய் கேள்விப்பட்டாளாம். உயிரெழுத்து முழுவதையும் மகள் தன் வாயால் சொல்லிக் கசற்றில் அனுப்ப வேண்டுமாம். தான் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவள். மகள் சொல்ல, கேட்டுக் கேட்டுத் தானும் படிக்கப்போகிறாளாம். அதுதான் எனக்கு வைத்திருந்த வேலை.

"என்ர புள்ளைக்கு வருமா டீச்சர்?" என்று தகப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

எங்கே வரப்போகிறது என்று எனக்கு நெஞ்சுக்குள் பட்டது. ஆனால் அந்தக் கணம் எனக்கு ஒன்று தோன்றியது. பிள்ளையிடம், "அம்மா உன்னை எப்பிடிக் கூப்பிட்டவ, சொல்லு பாப்பம்?" என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. குரலைத் தாழ்த்தி, தாயைப் போலவே இழுத்தாள். "ம...க...ள்..."

"அதே மாதிரி ஒரு ஆ சொல்லு."

"ஆ......" என்றாள். மூச்சு முடியும்வரை சொன்னாள். பங்கரும் இல்லை, பயமும் இல்லை. நான் எத்தனை கிழமை குதித்துக் குதித்துக் கத்தியும் வராதது, இழுபட்ட ஒரு குரலைக் கேட்டு வந்துவிட்டது. எனக்குச் சந்தோசம்தான். கொஞ்சம் எரிச்சலும்தான், சொல்லாமல் என்ன.

அதன்பிறகு அவளுக்கு நெடில் என்றால் அம்மாதான். "ஈ எப்பிடி?" என்றால், "அம்மா மாதிரி" என்பாள். எட்டிவைக்கிற காலும் பாதியில் திரும்பவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் குவைத்துக்கே போகவிருந்தார். அவர் கையில் கசற்றைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, ஒரு பின்னேரம் அதே வேப்ப மரத்தின் கீழே ஒலிப்பதிவு செய்தோம். தகப்பன் மிதித்தார். நான் பதிவு செய்யும் சிவப்புக் கட்டையை அழுத்திப் பிடித்தேன். பிள்ளை வாயை றேடியோவுக்குக் கிட்டக் கொண்டுபோய், அகரம் தொடங்கி ஔகாரம்வரை, குறிலைக் குறிலாக வெட்டி, நெடிலை நெடிலாக நீட்டிச் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு, நாங்கள் சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் கேட்டாள்.

"அம்மா, நீங்க எப்ப வாறீங்க?"

திருப்பிப் போட்டுக் கேட்டோம். அப்படியே இருந்தது, ஒரு குறையும் இல்லை. தகப்பன் சால்வையால் முகத்தைத் துடைத்தார், வியர்வை மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நான் கசற்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு துறைக்கு ஓடினேன்.

அன்றிரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு, என் மாணவியின் கெட்டித்தனத்தைக் கேளுங்கள் என்று எங்கள் றேடியோவில் கசற்றைப் போட்டேன். புதுப் பற்றரி போட்ட றேடியோ. கீச்சுக் கீச்சென்று ஏதோ ஓடியது. கோழிக்குஞ்சு ஒன்று அவசர அவசரமாக எதையோ சொல்லிவிட்டு ஓடிப்போன மாதிரி இருந்தது. என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நெடில் ஒன்றும் இல்லை. அவ்வளவு பாடுபட்டு நீட்டிய ஆவும் ஈயும் ஊவும் நறுக்கித் தின்ற மாதிரிக் குறுகிப் போயிருந்தன.

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. தகப்பன் மெல்ல மிதித்ததால் நாடா மெல்லச் சுழன்றிருக்கிறது. மெல்லச் சுழன்ற நாடாவில் பதிந்ததை, முழு வேகத்தில் சுழலும் றேடியோ விழுங்கித் துப்புகிறது. அங்கே திருப்பிக் கேட்டபோதும் அதே கால்தான் மிதித்தது, அதனால் சரியாகக் கேட்டது. படுவான்கரையில் எல்லா வீட்டிலும் நேரத்தைக் காலால்தானே மிதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் வந்த பிழை.

திரும்பப் போய்ப் பதியலாம் என்றால், மறுநாள் விடியவே துறையைப் பூட்டிவிட்டார்கள். அக்கரையில் ஷெல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் பயணம் அந்தக் கிழமையே. நான் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையைப் போலச் சுற்றினேன். அப்போதுதான் கூரையோரம் வெயிலில் காயவைத்திருந்த பழைய பற்றரிகள் கண்ணில் பட்டன. செத்த பற்றரியை வெயிலில் வைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்று எங்கள் வீட்டில் ஒன்றையும் எறிவதில்லை. அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சிலது அசையவே இல்லை. சிலதில் குரல் எருமை கத்துகிற மாதிரி வந்தது. கடைசியில் ஒரு நான்கைப் போட்டபோது, பிள்ளையின் குரல் பிள்ளையின் குரலாகவே வந்தது. "ஆ......"

அந்த நான்கையும் ஒரு சீலைத் துண்டில் முடிந்து, கசற்றோடு அக்காவிடம் கொடுத்தேன். இதைப் போட்டுத்தான் கேட்கவேண்டும் என்று தாயிடம் சொல்லச் சொல்லி, திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

"எல்லாரும் வெளிநாட்டிலயிருந்து பற்றரி கொண்டுவாறாக. செத்த பற்றரிய வெளிநாட்டுக்கு அனுப்புறவள் நீ ஒருத்திதான்கா," என்று சிரித்தார் அக்கா. ஆனாலும் பத்திரமாக வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகுதான் மற்றது எனக்கு உறைத்தது. பிள்ளையின் குரல் தாய்க்கு வேகமாகக் கேட்கும் என்றால், தாயின் குரல் பிள்ளைக்கு இவ்வளவு காலமும் எப்படிக் கேட்டிருக்கிறது? அந்தக் கனத்த, நிதானமான, ஆழத்திலிருந்து வருகிற அம்மா, குவைத்தில் இல்லை. உலகத்தில் எங்குமே இல்லை. அந்த அம்மா நொந்த காலும் டைனமோவும் சேர்ந்து செய்தவள். பிள்ளைக்குத் தெரிந்த ஒரே அம்மா அவள்தான். நானும் அந்த அம்மாவைக் கொண்டுதான் நெடில் படிப்பித்திருந்தேன். அன்றிலிருந்து எனக்கு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

துறை திறந்து நான் போனபோது பள்ளிக்கூடத்துக் கூரையில் ஒரு பக்கம் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். எண்ணிப் பார்த்துத்தான் மூச்சு விட்டேன். அவள் ஓடி வந்து, "அம்மா கேட்டுட்டாவா?" என்றாள். "கேட்டிருப்பா," என்றேன். தகப்பனிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் வலையைப் பின்னிக்கொண்டே, "குரல் எண்டா குரல்தானே டீச்சர். தாயைத் தெரியாத புள்ள இருக்கா?" என்றார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. மாதங்கள் கழிந்து, சித்திரைக்கு முன்னம் தாய் வருகிறாள் என்று செய்தி வந்ததும், இருந்த கொஞ்ச நித்திரையும் போய்விட்டது.

வேகமாக மிதிக்க அவருக்குக் கால் விடவில்லை. சரி, நானே மிதிக்கிறேன் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருநாள் சைக்கிளில் ஏறினேன். வருவதற்கு முன்னமே உண்மையான குரலைக் கேட்டுப் பிள்ளை பழகட்டும் என்பது என் எண்ணம். அழுத்தி மிதித்தேன். தாயின் குரல் மெலிந்து, மேலே ஏறி, படபடவென்று வந்தது. ஒரு இளம் பெண்ணின் குரல். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது!

பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினாள். "நிப்பாட்டுங்க டீச்சர்! அது ஆரோ வேற ஆள்! அம்மாவைக் கலைச்சு விரட்டாதீங்க!"

நான் இறங்கினேன். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளைத் தொடவில்லை.

தாய் வந்த அன்று காலை, அதே படகில் நானும் இருந்தேன். சென்ட்ரி வரிசையிலேயே அவளை எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சைக்கிள் மிதித்துக் கேட்ட அதே குரல். என்ன வாய்! பொரி பொரிந்த மாதிரி விடாமல் பேசினாள். நான்தான் டீச்சர் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அனுப்பின செத்த பற்றரி ரெண்டு கிழமைக்குத்தான் தாங்கினது டீச்சர். மறுகா மேடத்துட வீட்டுக் குப்பைக்குள்ள செத்த பற்றரி பொறுக்கிறதுதான் என்ர வேலை. மேடம் எனக்குப் பைத்தியமெண்டு நினைச்சிருப்பா. புதுப் பற்றரியும் போட்டுக் கேட்டனான். புதுசு போட்டா, நான் விட்டுட்டு வந்த குஞ்சுக் குரல். செத்தது போட்டா, இப்ப வளந்து நிக்கிற குரல். ரெண்டையும் மாத்தி மாத்திக் கேப்பன். எழுத்தெல்லாம் மனப்பாடம் எனக்கு. சொல்லிக் காட்டட்டா?"

படகு பாதி வாவியைத் தாண்டிவிட்டது. "அக்கா, ஒரு விசயம். மகளோட மெதுவாப் பறையுங்க. நல்லா மெதுவா," என்றேன். சைக்கிளையும் தகப்பனின் காலையும் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் எங்கே கேட்டாள்? "என்ர வாய்க்கு மெதுவா வராது டீச்சர்," என்று சிரித்துக்கொண்டே கரையைப் பார்த்து எழுந்து நின்றாள். படகு ஆடியது. படகுக்காரர் ஏசினார்.

கரையில் தகப்பனும் மகளும் நின்றார்கள். பிள்ளைக்குத் தலை வாரிப் பூ வைத்திருந்தது. படகு தட்டும் முன்னமே தாய் தண்ணீருக்குள் குதித்தாள். "மகள்! என்ர கிளியே, வாகா, அம்மா வந்துட்டன், இஞ்ச பாரு, எவ்வளவு வளந்துட்டாய், வா மகள் வா" என்று ஒரே மூச்சில் கொட்டிக்கொண்டு ஓடினாள்.

பிள்ளை தகப்பனின் நொந்த காலுக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து என்னைத்தான் தேடினாள்.

"டீச்சர், இது அம்மா இல்ல."

தாயின் நீட்டிய கைகள் அப்படியே நின்றன. "தாய்தான் புள்ள, போ" என்று தகப்பன் தள்ளிப் பார்த்தார். அவள் அவருடைய சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். தாய் திரும்பி என்னைப் பார்த்தாள். படகில் நான் சொன்னது அப்போதுதான் அவளுக்கு எட்டியிருக்க வேண்டும்.

அவள் கரைச் சேற்றில், நல்ல சேலையோடு, குந்தினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். வேகமாகப் பேசிப் பழகிய வாய், அடங்க மறுத்தது. பிறகு மிகவும் தாழ்த்தி, "ம...க...ள்..." என்றாள். சாரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கண் தெரிந்தது.

அதற்குமேல் என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணீர் வழிய, கசற்றில் படித்ததைச் சொல்லத் தொடங்கினாள். "அ... ஆ... இ..." அழுகை முட்டியதால் "ஈ" அரைகுறையில் அறுந்துபோனது.

பிள்ளை வெளியே வந்தாள். கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு, மண்ணில் ஒரு காலை எட்டிவைத்துக் காட்டினாள்.

"ஈ இன்னும் ஒள்ளம் நீட்டுங்க," என்றாள். "காணாது. இன்னும் ஒள்ளம், அம்மா."